வராமல் போன மாத இதழ்

எங்கள் எக்ஸ்ரேக்காரிக்கு வயது ஐம்பத்தைந்து. படிப்பதெல்லாம் பதினைந்து வயதுப் பெண்களுக்கான ஃபேஷன் பத்திரிகைகள், அதுவும் நாற்பது வருடப் பழசு. ஆஸ்பத்திரியில் மிஞ்சுகிற பெரிய எக்ஸ்ரே உறைகளில் இதழ்களைப் போட்டு, மேலே மாதமும் வருடமும் எழுதி அடுக்கி வைத்திருப்பாள். நடுப்பக்கத்தில் வரும் தையல் மாதிரித் தாளை அந்தக் காலத்துப் பெண்கள் வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டாத பிரதி கிடைத்துவிட்டால் போதும், கால் முறிந்து வந்தவரிடம்கூட அதைப் பற்றியே பேசித் தீர்ப்பாள். பதினெட்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்த எனக்கே சில நாள் காது புளித்துவிடும்.

ஒரே ஒரு இதழ்தான் அவளிடம் இல்லை. பள்ளியில் படிக்கும்போது வாசகியர் போட்டிக்கு, இடது கைக்காரியான தனக்குத் தோதாக ஒரு கவுன் வரைந்தாள். தபாலில் போடச் சொல்லி அக்காவிடம் கொடுத்தாள். மாதாமாதம் புத்தகம் வாங்கி வருவதும் அக்காதான். முடிவு வெளியாக வேண்டிய நேரத்தில், "இந்த மாசம் புத்தகமே வரலடி. வேற யாரோ ஜெயிச்சுட்டாங்களாம், விடு" என்றாள் அக்கா. அதற்கப்புறம் இவள் பென்சிலைத் தொடவில்லை. அக்கா துணிக்கடை வைத்து அமோகமாக இருக்கிறாள்.

ஜெயித்த கவுன் தன்னுடையதைவிட எந்த விதத்தில் உசத்தி என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் இவள் ஆசை. இருபது வருடமாக அக்காவும் கூடவே தேடினாள்.

போன மாதம் நாங்கள் இருவரும் போயிருந்தபோது பழைய புத்தகக் கடைக்காரர் போட்டு உடைத்தார்.

"அந்த இதழா? மூணு தடவை வந்துச்சேம்மா. போன வாரம்கூட ஒண்ணு. உங்களுக்குன்னு சொல்லி மூணையும் உங்க அக்காதான் வாங்கிட்டுப் போனாங்க."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பிறந்த நாளுக்கு ஒளிச்சு வெச்சிருக்கா பாரேன், கள்ளி! நான் தெரியாத மாதிரியே இருக்கப்போறேன்."

மூன்று பிரதி எதற்கு என்று எனக்கு உறுத்தியது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

பிறந்த நாளுக்கு அக்கா ஒரு குடை கொடுத்தாள்.

அடுத்த வாரம் கடைக்காரரே நாலாவது பிரதி ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். பிரித்தோம். முதல் பரிசு பெற்ற கவுன். இடது கைக்காரிக்குத் தோதாக, இடப்பக்கம் மட்டும் பை வைத்தது. இவள் வரைந்த அதே கவுன். கீழே அக்காவின் பெயர், அக்காவின் புகைப்படம்.

இப்படியும் ஒரு கூடப்பிறந்தவளா! இவள் இதழை உறையில் போட்டு மாதத்தை எழுதினாள். எழுத்து கோணியது.

இரண்டு நாள் கழித்து, இருமல் விடவில்லை என்று அக்காவே நெஞ்சுப் படம் எடுக்க வந்து நின்றாள். இவள் அந்த உறையை நீட்டினாள். எழுதியிருந்த மாதத்தைப் பார்த்ததுமே அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"அப்ப எனக்குப் பதினெட்டு வயசுடி. அறியாத வயசு."

"வாங்கின மூணையும் என்ன பண்ணினே?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"போன மாசம் ஒண்ணு வாங்கினியே, அப்ப உனக்கு என்ன வயசு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மோவாயைத் தூக்கு. மூச்சை இழுத்துப் பிடி" என்றாள் இவள், எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்தினாள். படம் எடுத்தாயிற்று. இனி மூச்சை விடலாம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.