அம்மா 'வாடா' என்று கூப்பிட்ட துரை

செல்லச்சாமி அந்தப் புத்தகத்தை நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகியும் கலந்தருக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. இரவல் கொடுத்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

கலந்தருக்கு இலங்கை மலைநாட்டில், இரத்தோட்டை பஸாரில் மிளகு, கராம்புக் கடை. புத்தகம் மதராசிலிருந்து வந்த மர்மக்கதை. அந்த வருஷம் பஸாரில் அதைப் படிக்காதவன் இல்லை. பூட்டிய வீட்டுக்குள் ஏழு பேர் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்த ராச்சியம் கவிழ வேண்டும், எந்த ஜனம் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். ஏழு பேருக்கும் தலைவன் துரை. கலந்தர் சோறு தண்ணி மறந்து படித்து முடித்தவர்.

செல்லச்சாமிக்கு மேலே தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கிற வேலை. மனைவி செத்த பிறகு ஒரே மகள் கமலாட்சியோடும் மருமகனோடும் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஒரு காம்பராவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வந்தால், திரும்பிப் போகிற பஸ் வரும்வரை கலந்தர் கடையில் மிளகுச் சாக்கில் சாய்ந்துகொண்டு, எழுத்துக்குக் கீழே விரல் வைத்து, உதடு அசையப் படிப்பார். பேச்சு குறைவு.

முதலில் புத்தகத்தை மேசையில் போட்டு, எல்லாம் பொய் என்றார். போகும்போது அதையே இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அடுத்த முறை வந்து, பொய்தான், ஆனால் நடந்த மாதிரி இருக்கிறது என்றார். என்ன நடந்தது என்று கேட்டால் பஸ் வந்துவிட்டது என்று எழுந்துவிட்டார். பிறகு ஒரு ஞாயிறு தானாகவே கேட்டார்.

"நானா, இதுல வர்றது பெரிய தொரையா, சின்ன தொரையா?"

கலந்தர் முழித்தார். அவரும் தோட்டத்தை நடத்துகிற அதிகாரி, தோட்டத்துத் துரை என்று நினைத்துத்தான் படித்திருந்தார். தொப்பி, அரைக்கால் சட்டையோடுதான் அவனை மனதில் கண்டிருந்தார்.

"தொரைன்னா பங்களா இருக்கணும். இவன் சந்துக்குள்ள வாடகை வீட்டுல இருக்கான். அவங்க ஆத்தா, 'தொரை, சோறு ஆறுது வாடா'ங்குறா. தொரைய யாராச்சும் வாடாம்பாங்களா?"

இரண்டு பேரும் அந்தப் பக்கத்தை மாறி மாறிப் பார்த்தார்கள். உள்ளே கராம்பு ஆய்ந்துகொண்டிருந்த கலந்தரின் மனைவி ஹவ்வாவுக்குப் பொறுக்கவில்லை.

"அது அவன்ட பேரு. இந்தியாவில புள்ளைக்குத் துரைண்டு பேரு வெக்கிறாங்க. இவ்வளவு நாளா ரெண்டு பேரும் என்னத்தப் படிச்சீங்க?"

கலந்தர் விழுந்து விழுந்து சிரித்தார். செல்லச்சாமி சிரிக்கவில்லை. துரை இல்லையென்றால் பிறகு யார் என்று கேட்டார். எவனோ ஒரு மதராஸ்காரன் என்றார் கலந்தர், கதையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து.

அப்புறம்தான் சங்கதி தெரிந்தது. இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் பேசித் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டதில் செல்லச்சாமி இந்தியாவுக்கு, கமலாட்சியும் புருஷனும் இலங்கைக்கு. மாத்தளைத் தேருக்குப் போனதுதான் செல்லச்சாமி கண்ட தூரதேசம். யார் பிரித்தது என்று கேட்டால் கங்காணி கணக்கப்பிள்ளையைக் காட்டினார், கணக்கப்பிள்ளை துரையைக் காட்டினார், துரை கொழும்பைக் காட்டினார். புத்தகத்திலாவது ஆள் பிடிபடுவான் என்று தேடியிருக்கிறார் மனுஷன். அங்கேயும் அது வேறு எவனோ.

போகிற அன்று கலந்தர் மாத்தளை ஸ்டேஷனுக்குப் போனார். கமலாட்சி வரவில்லை, வந்தால் ஏறமாட்டேன் என்று தகப்பன் சொல்லியிருந்தார். செல்லச்சாமி பெட்டியில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் புத்தகத்தை நீட்டினார். இப்போதாவது சொல்லுங்கள், புத்தகம் நல்லதா கூடாதா என்று கலந்தர் கேட்டார். கமலாட்சிக்கு வாசிக்கப் பிடிக்கும், அவளிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். கலந்தர் புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்தார். ரயில் அசைந்தது. செல்லச்சாமி தலையை வெளியே நீட்டினார்.

"கடைசி அத்தியாயத்த மட்டும் கிழிச்சிட்டுக் குடுங்க நானா. அதுல ஏழு பேரையும் புடிச்சிர்றாங்க. அவ நெசம்னு நம்பி எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பா."