எனக்குக் கருவாடு புடிக்காதுன்னு யாரு சொன்னது?

டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்ததும் குப்புனு ஒரு வாசனை வரும் பாருங்க... முந்தின நாள் வெச்ச நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கத்திரிக்காயும் மொச்சையும் நல்லா ஊறி, சாதத்தோட ஓரமெல்லாம் செவந்து கெடக்கும்.

1991. எனக்கு அப்ப இருபது வயசு இருக்கும்.

இதை இப்ப ஏன் எழுதுறேன்னா, நேத்து நம்ம குரூப்ல ஒருத்தர் "வயசு ஏற ஏற நாக்கு மாறிடும், சின்ன வயசுல புடிச்சது அப்புறம் புடிக்காது"ன்னு போட்டிருந்தாரு. நீங்களும் ஆளாளுக்கு ஹார்ட் போட்டிருந்தீங்க. படிச்சதுல இருந்து எனக்கு வயிறு எரியுது.

சிலருக்கு மாறும், இல்லைன்னு சொல்லல. பாவக்காயைக் கண்டா ஓடுன என் தம்பி இப்ப அதைக் கேட்டு வாங்கித் தின்னுறான். ஆனா என் நாக்கு தானா மாறல.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் ரோட்டு மேல ஒரு சின்ன கம்பெனி. மோட்டாருக்கு காயில் சுத்துற வேலை. கம்பெனி பஸ், ஏசி கேன்டீன் எல்லாம் அப்ப ஏது? ஒரகடம் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைதான். நான் வாலாஜாபாத்ல இருந்து பஸ் மாறி வருவேன். மடியில டிபன் பாக்ஸ், குழம்பு சிந்தாம இருக்க மேல ஒரு துணிக் கட்டு.

எங்க லைன்ல எல்லாம் பொண்ணுங்கதான். எங்களுக்குள்ள ஒரு பழக்கம். யாரும் மொத வாய் சொந்த பாக்ஸ்ல இருந்து சாப்பிடக் கூடாது. ஷெட்டுல வட்டமா உக்காந்து, எல்லா பாக்ஸும் ஒரு சுத்து வரணும். என் பாக்ஸ் திரும்பி என் கைக்கு வரும்போது அடியில கொஞ்சம்தான் மிஞ்சும். எனக்கு அதுல அவ்ளோ பெருமை. எங்கம்மாவும் அதுக்குன்னே ரெண்டு கரண்டி கூட ஊத்தி அனுப்பும்.

ஒரு நாள்... பாக்ஸ் பாதி சுத்து வந்திருக்கும். மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆளுங்க யாரோ கம்பெனியைப் பாக்க வந்திருந்தாங்க. சூப்பர்வைசர் கர்ச்சீப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு ஷெட்டுக்குள்ள வந்தாரு.

"இன்னாமா நாத்தம் இது? கம்பெனியா, மீன் மார்க்கெட்டா? யாரு கொண்டாந்தது?"

ஒருத்தி வாயைத் திறக்கல. எல்லார் வாயிலயும் என் குழம்புதான் இருந்துச்சு! பக்கத்துல உக்காந்திருந்த மேரி, தன் டிபன் மூடியில எடுத்து வெச்சிருந்த கருவாட்டு மேல சோத்தைத் தள்ளி மறைச்சிட்டா. தலையைக் கூட நிமித்தல.

நான்தான் எழுந்து நின்னேன்.

"இதெல்லாம் உன் வூட்டோட வெச்சிக்கோ. போ, சைக்கிள் ஸ்டாண்டுல குந்திகினு துன்னு."

பாதி சுத்துல இருந்த பாக்ஸை வாங்கிக்கிட்டுப் போனேன். வெயில்ல, சைக்கிளுங்களுக்கு நடுவுல உக்காந்தேன். குழாயடிக்குப் போய் பாக்ஸைக் கவுத்துக் கழுவினேன். எங்கம்மா விடியக்காலையில எழுந்து சுட வெச்சுக் குடுத்த குழம்பு சாக்கடையில போச்சு. இப்ப நெனச்சாலும் அந்த ஆளை நாலு வார்த்தை கேக்காம வந்தோமேன்னு பத்திக்கிட்டு வருது.

வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொல்ல முடியுமா?

"இனிமே எனக்குக் கருவாடு வெக்காதமா. புடிக்கல."

"இன்னாடி திடீர்னு?"

"டேஸ்ட் மாறிடுச்சு."

அம்மா நம்பிடுச்சு. அன்னியில இருந்து வீட்ல கருவாடுன்னா எனக்கு மட்டும் தனியா ரசம். என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டயும் அதையே சொல்லிச்சு. கல்யாணம் ஆகி, புள்ளைங்க வளந்து... எல்லாருக்கும் நான் கருவாடு புடிக்காதவ. சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். மார்க்கெட்ல கருவாட்டுக் கடை வந்தா, அந்த ஆளு பொத்தின மாதிரியே மூக்கைப் பொத்திக்கிட்டு நடப்பேன். அதைத்தான் என்னால பொறுத்துக்கவே முடியல.

மேரியும் இந்த குரூப்ல இருக்கா. படிப்பா. படிக்கட்டும்.

போன வாரம் வாலாஜாபாத் போயிருந்தேன். அம்மா தம்பி வீட்லதான் இருக்கு. பிரஷர், உப்பு ஆகாது, பல்லும் இல்ல. தயிர் சாதத்தைத் தவிர வேற எதுவும் இப்ப அதுக்கு வேண்டியதில்ல. வயசானதால நாக்கு மாறினது அதுக்குத்தான். ஆனாலும் வீட்ல இருக்கிறவங்களுக்காக, உப்புக் கூடப் பாக்காம, கருவாட்டுக் குழம்பு வெச்சிருந்துச்சு. பக்கத்துல ஒரு சின்ன சொம்புல எனக்கு ரசம்.

அந்த ரசத்தைப் பாத்ததும் எனக்கு எங்க இருந்துதான் அவ்ளோ கோவம் வந்துச்சோ.

"எனக்கும் குழம்பே ஊத்துமா."

"உனக்குத்தான் புடிக்காதேடி."

"புடிக்கும். எப்பவும் புடிக்கும்."

சாப்பிட்டுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டேன். சூப்பர்வைசர், சைக்கிள் ஸ்டாண்டு, குழாயடி... அம்மா கரண்டியைக் கையில புடிச்சபடியே கேட்டுச்சு.

"அடிப்பாவி, அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடி? அவன் சட்டையப் புடிச்சிருப்பேனே! யாரவன்? இன்னும் உசுரோட கீறானா?"

"தெரியலமா. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல."

தம்பி மகன் ஒரகடத்துல கார் கம்பெனியில இருக்கான். அவனும் எங்களோட சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். "நீ இதையெல்லாம் ஷிப்டுக்கு எடுத்துட்டுப் போவியாடா?"ன்னு கேட்டேன்.

"ஐயோ வேணாம் அத்தை. ஸ்மெல் வரும். பசங்க ஓட்டுவாங்க."

அப்ப ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு. இப்ப யாரும் வந்து சொல்லவே தேவையில்ல போல. பாக்ஸ் சுத்து விட்டதெல்லாம் சொன்னா அவனுக்குப் புரியவும் இல்ல.

அம்மா என் தட்டுல இன்னும் ரெண்டு கரண்டி குழம்பு ஊத்துச்சு. அப்புறம் எனக்குன்னு வெச்ச அந்த ரசத்தை எடுத்துக்கிட்டு மெல்ல நடந்து போய், குழாயடியில கவுத்துட்டு வந்துச்சு.