மட்டும் சாரின் மதிப்பு

மெத்தை கம்பெனியின் கணக்கு அறையில் சுழல் நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அதுவும் மின்விசிறிக்கு நேர் கீழே. அதில் பல ஆண்டுகளாகச் சுழன்று வருபவர் தலைமைக் கணக்கர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு; சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. கம்பெனிக்கு அவர் ‘மட்டும் சார்’.

காரணம் இருக்கிறது. எந்தத் தொகையை எழுதினாலும் அதன் வாலில் ஒரு சாய்கோடு, ஒரு படுக்கைக்கோடு, பிறகு ‘மட்டும்’ என்று போட்டால்தான் அவருக்கு மூச்சு வரும். கையால் காசோலை எழுதிய காலத்துப் பழக்கம். தொகைக்குப் பின்னால் இடம் விட்டால் எவனாவது ஒரு சைபரைச் சேர்த்துவிடுவான் என்பது அவருடைய வாழ்க்கைத் தத்துவம். பேச்சிலும் அப்படித்தான். “டீ எவ்வளவு சார்?” என்றால் “பத்து மட்டும்” என்பார். டீக்கடைக்காரர் அதில் சைபர் சேர்க்க முயன்றதாக இதுவரை தகவல் இல்லை.

கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது இந்தப் பாதுகாப்பு ஏற்பாடு எக்செல் கட்டங்களுக்குள்ளும் குடியேறியது. பஞ்சு, துணி, நூல், லாரி வாடகை என்று ஒவ்வொரு கட்டத்திலும் முன்னால் நாணயக் குறி காவல், பின்னால் ‘/- மட்டும்’ காவல். நடுவில் எண் கைதியாக உட்கார்ந்திருந்தது. திரைக்குள் புகுந்து சைபர் சேர்க்க வரும் திருடன், பாவம், வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

ஒரே ஒரு சங்கடம். எக்செல்லைக் கூட்டச் சொன்னால் சைபர் என்றது. பெருக்கச் சொன்னால் #VALUE! என்றது. முதலாவதை மெஷினின் சோம்பல் என்று மட்டும் சார் மன்னித்தார். இரண்டாவதை ரசித்தார். “வேல்யூன்னா மதிப்பு. பக்கத்துல ஆச்சரியக்குறி வேற. தொகையப் பாத்து மெஷினே வாயப் பொளந்துடுச்சு” என்று விளக்கம் சொல்வார். மெஷின் வாயைப் பிளந்திருக்கும் நேரத்தில் கால்குலேட்டரைத் தட்டி, விடையை அடியில் டைப் செய்து, அதற்கும் ‘/- மட்டும்’ போட்டு முடிப்பார்.

இந்த மாதத்தோடு அவருக்கு ஓய்வு. நாற்காலியை விட்டு இறங்கினால் அவருக்கென்று மிச்சமிருப்பது வீட்டில் மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூல். அதற்கும் அந்த அம்மாள் நிபந்தனை விதித்திருந்தார். “வீட்டோட இருக்கறதா இருந்தா பட்டன் தைக்கணும். சும்மா உக்காந்துக்கிட்டு என் செலவுக்கெல்லாம் மட்டும் போடக் கூடாது.” ஆகவே பணி நீட்டிப்பு கிடைத்தே ஆக வேண்டும். ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக முதலாளி கூறியிருந்தார்.

முதலாளிக்கு ஒரு மாப்பிள்ளை. வணிகம் படித்தவர், கல்யாணத்தோடு கம்பெனிக்குள் வந்தவர். கணக்கைத் திறந்து பார்த்த வேகத்தில் லேப்டாப்போடு மாமனார் அறைக்கு ஓடினார். மட்டும் சாரையும் கூப்பிட்டார்கள்.

“மாமா, எல்லாம் இடப்பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. எண்ணா இருந்தா தானா வலப்பக்கம் போயிருக்கும். சார் ‘மட்டும்’ போட்டதால எக்செல்லுக்கு இது எண்ணே இல்ல, எழுத்து. கூட்டச் சொன்னா என்ன வருதுன்னு பாருங்க.”

சைபர் வந்தது.

“அப்போ வருஷம் பூரா நாம செலவே பண்ணலியா?” முதலாளியின் முகம் மலர்ந்தது.

“ஐயோ மாமா! கூட்ட ஒண்ணுமே கிடைக்கலன்னு அர்த்தம். கோடு, குறியெல்லாம் எடுத்துட்டு வெறும் எண்ணப் போட்டாப் போதும். குறி வேணும்னா ஃபார்மேட்ல குடுத்துக்கலாம். உள்ள உடம்பு, மேல சட்டை, அவ்ளோதான்.”

“வெறும் எண்ணா?” மட்டும் சார் பதறினார். “நடுத்தெருவுல நிக்க விடச் சொல்றீங்களா மாப்பிள்ளை சார்?”

மாப்பிள்ளை கடைசி ஆயுதத்தை எடுத்தார். பஞ்சுச் செலவை அழித்துவிட்டு வெறும் ‘1’ என்று அடித்தார். “இப்ப அடியில சார் போட்ட மொத்தம் குறையணும்ல? குறைஞ்சுதா? அசையுதா?”

அசையவில்லை. கையால் அடித்தது எப்படி அசையும்?

முதலாளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். லாரி வாடகையைத் தானே அழித்துப் பார்த்தார். துணியை அழித்தார். அடியில் மொத்தம் மலை மாதிரி நின்றது.

“மாப்ள, நீங்க வீட்டு ஆளு. நீங்களே உள்ள பூந்து இவ்ளோ கலைச்சும் மொத்தம் அசையல. வெளியாளு வந்து என்னத்தக் கிழிச்சுட முடியும்? இதுக்குப் பேருதான் கணக்கு!” என்றார். “உங்க ஃபார்முலா சைபர்ங்குது. சார் ஒரு தொகை சொல்றாரு. பேங்குக்காரங்க கேட்டா நான் எதக் காட்டறது?”

மேலே எது மாறினாலும் கீழே மாறாத முடிவு. பெரிய நிர்வாகங்கள் இதற்காகக் குழு போட்டு ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. மட்டும் சார் ஒற்றை ஆளாகச் சாதித்திருந்தார். இரண்டு ஆண்டு நீட்டிப்பு கிடைத்தது. வந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் பத்து சதவீத உயர்வையும் முதலாளி அறிவித்தார்.

கடிதங்கள் தயாரிக்கும் வேலை மாப்பிள்ளை தலையில் விழுந்தது. அவரும் பிடிவாதக்காரர். சம்பளப் பட்டியலில் இருந்த காவல்களையெல்லாம் ஒரே அடியில் நீக்கினார். உயர்வுக்கு ஃபார்முலா போட்டார். புதுச் சம்பளம் தானாகவே கடிதத்தில் வந்து விழ ஏற்பாடு செய்துவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த நேரத்தில் மட்டும் சார் எட்டிப் பார்த்தார். அத்தனை பேர் சம்பளமும் சட்டையில்லாமல் நின்றது. மற்றவர்கள் பாடு மற்றவர்களோடு. தன் சம்பளத்துக்குப் பழைய காவலைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பினார். மாப்பிள்ளை வந்தார், மொத்தமாக அச்சடித்தார். முதலாளி மொத்தமாகக் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது முதலாளிகளின் வேலை அல்லவே.

வீட்டில் மனைவி கடிதத்தை உரக்கப் படித்தார். “‘தங்கள் புதிய மாதச் சம்பளம்...’ என்னங்க இது? ஜன்னல் கம்பி மாதிரி ஒண்ணு, அப்புறம் இங்கிலீஷ்?”

“வேல்யூ! மதிப்பு! மத்தவங்களுக்கெல்லாம் வெறும் தொகைதான். எனக்கு மட்டும் மதிப்புன்னே எழுதிக் குடுத்திருக்காங்க. ஆச்சரியக்குறியோட.”

“ஓஹோ. மளிகைக் கடையில இதக் காட்டினா எத்தன கிலோ குடுப்பாங்க?” தையல் மெஷின் நின்றது. “நாளைக்கே போய் அங்க எண்ணப் போட்டு வாங்கிட்டு வாங்க. இப்படிக் காலியா விட்டா, இதான் சம்பளம்னு எதை வேணா எழுதிக்குவாங்க.”

மட்டும் சாரின் முகத்தில் கலவரம் தெரிந்தது. கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உண்மைதான், ஆச்சரியக்குறிக்குப் பின்னால் இடம் தாராளமாக இருந்தது. பேனாவைத் திறந்தார். குறியோடு ஒட்டி, நடுவில் ஒரு சைபர்கூட நுழைய முடியாதபடி நெருக்கி எழுதினார்: ‘/- மட்டும்’.

“இப்ப எவன் வந்து சேக்கறான்னு பாப்போம்” என்றார்.

மனைவி ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.