சாம்பிராணிப் புகையும் தோல் வாசனை சென்ட்டும்

என் கணவர் வழக்கமாக அடிக்கும், புது லெதர் பை போல மணக்கும் தோல் வாசனை சென்ட் இப்போது கடைகளில் வருவதில்லை. அதையே வீட்டில் செய்து கல்யாண நாளுக்குக் கொடுக்க நினைத்தேன். வீடியோ பார்த்து, வாசனை எண்ணெய்களை ஸ்பிரிட்டில் கலந்தேன். எல்லாம் சரியாக வந்தது, அந்த லேசான புகை வாசனை மட்டும் வரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் வீட்டில் பூஜை முடிந்து, சாம்பிராணிக் கரண்டியில் கங்கு கனன்றுகொண்டிருந்தது. இந்தப் புகையையே பிடித்தால் என்ன என்று, கலவையைக் கிண்ணத்தோடு அதன் மேல் காட்டினேன். குப்பென்று பற்றிக்கொண்டது. பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. கையில் சூடுதான் தெரிந்தது. கிண்ணத்தைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

"தண்ணி ஊத்தாத, தள்ளிப் போ" என்று மாமியார் இட்லிப் பானை மூடியை அதன் மேல் கவிழ்த்தார். அணைந்தது. விரலில் ஒரு கொப்புளத்தோடு போயிற்று.

"அவன் இன்னா வாசனையில போனா இன்னாம்மா, நீ நல்லா கீறியே, அது போதும்" என்றார்.

இப்போதெல்லாம் விளக்கு, அடுப்பு, கங்கு எல்லாம் அணைந்த பிறகே ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கிறேன். புகை வாசனைக்கும் தனி எண்ணெய் கிடைக்கிறது, இரண்டு சொட்டு போதும்.

"அதே சென்ட் மாரியே கீதே, இன்னா போட்ட?" என்று கல்யாண நாளன்று கணவர் கேட்டபோது மாமியார் முந்திக்கொண்டார்.

"சாம்பிராணி போடல."