எந்தக் கச்சான், சேர்?

கொதிக்கிற மணலுக்குள் கச்சானைக் கொட்டியதும் ஒரு சத்தமும் வராது. அம்மா அகப்பையால் இரண்டு மூன்று தரம் புரட்டிய பிறகுதான், எங்கோ அடியில் ஒரு கோது "டப்" என்று வெடிக்கும், அதன் பின்னால் மண்ணும் புகையும் கலந்த ஒரு வாசம் எழும்பித் தேர்முட்டியடியில் நிற்பவர்களின் தலையைத் திருப்பிவிடும். நிலக்கடலையைத்தான் நாங்கள் கச்சான் என்போம். யாழ்ப்பாணத்தில் திருவிழாவுக்குப் போனவர் கச்சான் "சரை" இல்லாமல் வீடு திரும்பினால், அவர் கோயிலுக்குத்தான் போனாரா என்று வீட்டில் சந்தேகப்படுவார்கள். பழைய கொப்பித் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அந்தச் சரையை நிரப்பிக் கொடுத்த கச்சான்காரியின் மகள் நான். இதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அப்பா இல்லாத எங்கள் வீட்டை நடத்தியது அம்மா கச்சான் வறுக்கும் இரும்புத் "தாச்சி"தான். சித்திரை பிறந்துவிட்டால், புத்தூரிலிருந்து தாச்சியும் சாக்குகளும் நானும் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏறி, ஆவணி முடியும்வரை ஊர் ஊராகத் திருவிழாவைத் துரத்திக்கொண்டு போவோம். நெல்லியடிப் பக்கத்துக் கோயிலொன்றில் இரண்டு தவில் கோஷ்டிகள் ஒன்றையொன்று விடாமல் மல்லுக்கட்டும்போது, வாகனத்தில் வந்த சாமி பாவம், தனியே நிற்கும். தென்மராட்சியில் ஓர் அம்மன் கோயிலில், பொங்கல் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்க்க ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். கரையோரத் தேவாலயப் பெருநாளில், மாதாவின் சிலையான "சுருவம்" கடலைப் பார்த்துத் திரும்பும் இடத்தில், கடற்றொழிலாளர்கள் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு முழங்காலில் நிற்பார்கள். அங்கும் நெற்றி நிறையத் திருநீற்றோடு அம்மா கடை விரிப்பார். ஒருமுறை யாரோ அதைப் பார்த்துச் சிரித்தபோது, அகப்பையை நிறுத்தாமலே சொன்னார்: "சாமி எதெண்டாலும் வந்து நிக்கிறது சனம்தானே. சனத்துக்குக் கச்சான் வேணும்."

நெல்லியடித் திருவிழாவுக்காக நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாத ஒரு நாளில்தான், எங்கள் வகுப்பு வாத்தியாரான சேர் காற்றுகளின் பெயர்களைப் படிப்பித்திருக்கிறார். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோளகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். எங்கள் பக்கத்தில் காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அடுத்த நாள் அவர் என்னை எழுப்பி, "கச்சான் எங்கையிருந்து வருது, சொல்லு பார்ப்பம்" என்று கேட்டார். இது தெரியாதா எனக்கு?

"கொடிகாமத்திலையிருந்து, சேர். சந்தையிலை சாக்காய் வாங்கிறது."

வகுப்பு வெடித்தது. சேரும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "அப்ப காத்தும் சாக்கிலையோ வருது?" என்று அவர் கேட்க, பிள்ளைகள் மறுபடியும் சிரித்தார்கள். மணியடிப்பதற்குள் எனக்குக் "கொடிகாமக் கச்சான்" என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்தக் கிழமைதான் எங்கள் ஊர்க் கோயிலில் தேர். சனம் முழுவதும் வரும், வகுப்பு முழுவதும் வரும். நான் கடைக்கு வரமாட்டேன் என்று பாயில் குப்புறப் படுத்துக்கொண்டேன். வயிற்றுக்குத்து என்று முதலில் சொன்ன பொய்யை அம்மா நம்பாததால், அழுகையோடு உண்மையும் வந்துவிட்டது. கேட்டுவிட்டு அம்மா பாயில் என் பக்கத்தில் வந்து இருந்தார். எனக்கு வெட்கம் காற்றால் வந்ததல்ல, அவருடைய தாச்சியால் வந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. அது விளங்கியதைக் கண்டபோதுதான் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

"நீ பிழை சொல்லேல்லைப் பிள்ளை," என்றார் கடைசியில். "அந்தக் கேள்விக்குள்ளை ரெண்டு கச்சான் கிடக்கு. வாத்தியார் ஒண்டைத்தான் கண்டவர். எழும்பு, வெளிக்கிடு."

மேற்கு வீதியில், இலுப்பை மரத்தடியில் எங்கள் இடம். தேர் வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்து, அருச்சனை முடிந்து, வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் சேர் பட்டு வேட்டியோடு மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே என் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர், இளித்துக்கொண்டு. "ரெண்டு சுண்டு கச்சான் தாங்கோ" என்றார் சேர். சுண்டு என்பது அம்மா அளக்கிற தகரப் பேணி. அம்மா அதைக் கையில் எடுத்துவிட்டார். எனக்குள் என்ன ஏறியதோ தெரியாது, எழும்பி நின்றேன்.

"எந்தக் கச்சான், சேர்? மேற்காலை வாறதோ, கொடிகாமத்தாலை வாறதோ?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். இனி இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடமில்லை என்று நினைத்தேன், ஆனாலும் திரும்பக் கீழே இருக்கவில்லை. சேர் என்னைப் பார்த்தார், தாச்சியைப் பார்த்தார், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "கொடிகாமத்தாலை வாறது, பிள்ளை" என்றார்.

அம்மா இரண்டு சுண்டு அளந்து, மேலே இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டார். அவருக்கு ஏன் கூடப் போட்டீர்கள் என்று பிறகு நான் சண்டை பிடித்தபோது, "சரியான மறுமொழி சொன்னவரெல்லே" என்றார்.

இப்போது நான் யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஊர்த் தேருக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு வந்து தாச்சிக்கு முன்னால் இருப்பேன். அம்மா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தபடி சுண்டு பிடிப்பார். இலுப்பை மரம் போய்விட்டது, மணல் வீதி போய்க் கல் பதித்த வீதி வந்துவிட்டது. எங்கள் இடம் போகவில்லை. இந்த வருடம் கழுத்தில் அட்டை தொங்க ஒரு கோயில் தொண்டர் தம்பி வந்து, "அக்கா, உங்கை கடை வைக்கேலாது, றோட்டுக்கு அங்காலை போங்கோ. கோது காத்துக்குப் பறந்து வீதியெல்லாம் குப்பை" என்றார்.

"எந்தக் காத்துக்கு, தம்பி?"

அவர் விழித்தார். "காத்துத்தான், அக்கா."

"மேற்காலை அடிக்குது. அதுக்குப் பேர் கச்சான்."

"கச்சான் காத்தோ? பகிடி விடாதேங்கோ!" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று வகுப்பில் சரியாக இருந்த மறுமொழி இந்த ஊரில் இப்போது ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் சிரித்த என் மறுமொழிதான் தாச்சிக்குள் இன்னும் வெடித்துக்கொண்டிருக்கிறது. விழுகிற கோதையெல்லாம் நாங்களே கூட்டி அள்ளுவோம், இடத்தை விட்டு அசையமாட்டோம் என்று சொல்லிவிட்டு மணலைப் புரட்டினேன். தம்பிக்கும் வாசம் பிடித்திருக்க வேண்டும். போகாமல் நின்று, ஒரு சுண்டு கேட்டார்.

அம்மாவிடம் சுண்டை வாங்கி நான் அளக்கப் போக, கதிரையிலிருந்து அவர் குரல் வந்தது.

"சிரிச்சவனெல்லே, ஒரு கைப்பிடி குறைச்சுப் போடு."