ஃபைலில் இல்லாத அட்டை

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவரை வேலையிடத்தில் எல்லோரும் ‘ரெக்கார்டு ரூம்’ என்றே கூப்பிட்டார்கள். பேருந்து டிக்கெட்டைக்கூடத் தேதிவாரியாகக் கோத்து வைக்கிற மனிதர். தங்கைக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த நாள் முதல் ஒன்பது ஆண்டு மருத்துவச் சீட்டுகளும் அவருடைய நீல ஃபைலில் வரிசை பிசகாமல் இருந்தன. எட்டாம் வகுப்போடு நின்றவர்தான். ஆனாலும் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து, ரத்த அணுக்களின் கணக்கை டாக்டருக்கு முன்பே சொல்லிவிடுவார்.

“லிஃப்ட் மட்டுமில்ல, என் ரத்தத்துல எது ஏறினாலும் இறங்கினாலும் எங்கண்ணனுக்குத் தெரிஞ்சிடும்” என்பாள் தங்கை. கூரியர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்பது அவள் வேலை. எரிந்து விழுகிறவர்களையும் இரண்டே நிமிடத்தில் குளிர வைத்துவிடுவாள்.

ஒரு மாலை அவளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. தலை வெடிப்பதுபோல் வலித்தது. மருத்துவமனை வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, ஃபைல் முகப்புல இருக்குற அந்த எச்.ஐ.வி. மாத்திரை அட்டையை மட்டும் எடுத்துடு. போன தடவை கட்டில்ல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, மூலையில தள்ளிப் போட்டாங்களே. மறந்துட்டியா?”

அவர் மறக்கவில்லை. அட்டையை உருவிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்; ஃபைலைப் பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை.

“வேற நோய் ஏதாவது? தினமும் மாத்திரை சாப்பிடுறாங்களா?” என்று கேட்டார் இளம் டாக்டர்.

“இல்லைங்க” என்றார் அவர்.

டாக்டர் அப்படியே எழுதி, கீழே அவரிடம் கையெழுத்து வாங்கி, காய்ச்சல் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். விடிந்தபோது அவளால் கழுத்தை மடக்க முடியவில்லை, பேச்சு குழறியது. மறுபடி ஓடியபோது அட்டையை முதல் ஆளாக நீட்டினார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர் சுண்ணாம்பைக் கரைத்ததுபோல் கலங்கியிருந்தது. மூளையைச் சுற்றியுள்ள உறையில் பாக்டீரியாக் கிருமி. எச்.ஐ.வி. உள்ளவர்களை அது எளிதில் பிடித்துவிடும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றார்கள்.

உயிர் தங்கியது. காது இரண்டும் போயின. அந்த மாலையின் நினைவும் அடியோடு போயிற்று.

பேச்சு தெளியும்வரை அவள் அவருக்கு நோட்டில் எழுதிக்காட்டினாள்:

“உன் ஃபைலைப் பார்த்த பிறகும் அனுப்பிட்டானா அந்த டாக்டர்? விடாதே அண்ணா.”

பிறகு வாயாலேயே, தன் குரலின் அளவு தெரியாமல் உரக்க, அதையே தினமும் சொன்னாள். வேலை போனவளுக்குப் பற்றிக்கொள்ள அந்த ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அவருக்கும் ஆறவில்லை. கழுத்தை மடக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும் என்று அவர் வாசித்த புத்தகம் சொன்னது; டாக்டர் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடவில்லை. நாற்பத்தொரு இணைப்புகளோடு புகார் மனு போனது. அட்டையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

பதினான்கு மாதம் கழித்து விசாரணை அதிகாரியின் அறைக்கு இருவரையும் அழைத்தார்கள்.

“கழுத்தைப் பார்க்காதது தப்புதான், ஒத்துக்குறேன். ஆனா எச்.ஐ.வி. இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே படுக்க வெச்சிருப்பாங்க” என்ற அதிகாரி, ஒரு தாளைத் திருப்பி வைத்தார். “கேட்டதுக்கு இல்லைன்னு சொன்னதா எழுதியிருக்கு. கீழே கையெழுத்து உங்களுதுதானே?”

அவருடையதுதான். வழக்கம்போல் தேதியும் போட்டிருந்தார்.

தாளைப் படித்த தங்கை நிமிர்ந்தாள். “நீ ‘இல்லை’ன்னா சொன்னே?” தாழ்வாரம் வரை கேட்டது. “ஏண்ணா?”

அவர் நோட்டை எடுத்தார். ‘நீதான் கெஞ்சினாய்’ என்று எழுத இரண்டு சொல் போதும். ஆனால் அவர் எழுதிக்காட்டியது வேறு.

“நானாதான் அட்டையை எடுத்தேன். மூலையில தள்ளிடுவாங்கன்னு பயந்துட்டேன். உனக்குத் தெரியாது.”

அவள் படித்தாள். நோட்டை மூடி அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மனு தள்ளுபடியானது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து, அதிகாரி தந்த கையெழுத்துத் தாளின் நகலோடு துளையிட்டு, தேதிப்படி ஃபைலில் சேர்த்தார். அதில் பொய்யான காகிதங்கள் இப்போது இரண்டு. இரண்டும் அவர் சொன்ன பொய். உள்ளறையில் தங்கை கதவைத் தாழிட்டிருந்தாள். தட்டப் போன கை பாதியில் நின்றது. தட்டினாலும் அவளுக்குக் கேட்காது.