முதுகுக்குப் பின்னால் போன பந்து

ஐம்பத்தைந்து வயதானதும் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், காளியாயியின் பேரை வெட்டினார்கள். அது 1998. முப்பத்தாறு வருஷம் அக்கரப்பத்தனைத் தேயிலை மலையில் கொழுந்து பறித்தவள், கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசை வீடான லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். பிள்ளைகள் கொழும்பில். பேச்சுத் துணைக்கு இருந்தவள் பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி ஒருத்தி. அவளோடும், பீலிக் குழாய்த் தண்ணீருக்கு யார் குடம் முந்தி வைப்பது என்று மூண்ட சண்டையில் பேச்சு நின்றுபோனது. நாலு வருஷம்! ஒருத்தி இருமினால் சுவருக்கு அந்தப் பக்கம் மற்றவளுக்குக் கேட்கும். ஆனாலும் ஒரு வார்த்தை கிடையாது. அப்படியொரு வீம்பு.

காளியாயிக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து கால் வீங்கியது. தோட்டத்து மருந்துக்காரர் கறாராகச் சொன்னார்: "இப்புடியே குந்திக்கிட்டு இருந்தீங்கன்னா காலு போயிரும். நடங்க."

எங்கே நடப்பது, யாரோடு நடப்பது? கால் வலியைவிட இந்தக் கேள்விதான் அவளை வாட்டியது.

2002இல் தோட்டப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து குணபூசணி டீச்சர் வந்தார். பேர் வெட்டிய பெண்களைச் சனிக்கிழமைகளில் திடலுக்குக் கூப்பிட்டு, கம்பத்து வளையத்துக்குள் பந்து போடும் வலைப்பந்து ஆடவைத்தார். "ஒருத்தரும் ஓடக் கூடாது. நடந்துதான் விளையாட வேணும். ஓடினா பந்து மற்றப் பக்கத்துக்கு," என்றார். லயமே சிரித்தது. கிழவிகளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கடி! ஆனாலும் கால் போய்விடும் என்ற பயத்தில் காளியாயி போனாள். போய்ப் பார்த்தால், அவளுடைய அணியிலேயே நாகலெட்சுமி.

முதல் பந்து வந்தது. இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்த வேகத்தில் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எறிந்துவிட்டாள். வாழ்நாளெல்லாம் கொழுந்தை முதுகுக் கூடைக்கு எறிந்த கை, வேறென்ன செய்யும்? பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது பந்தும் பின்னால்தான் போனது. காளியாயிக்கு அழுகை முட்டியது. இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

மூன்றாவது பந்தும் பின்னால் பறந்தது. ஆனால் விழுந்த சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். நாகலெட்சுமி முன்கூட்டியே நடந்துபோய் அங்கே நின்று, பந்தை நெஞ்சோடு பிடித்திருந்தாள். அதை நிதானமாக வளையத்துக்குள் போட்டாள்.

"எப்புடி புள்ள அங்க வந்து நின்ன?" வீம்பை மறந்து கேட்டுவிட்டாள் காளியாயி.

"முப்பது வருஷம் ஒனக்குப் பக்கத்து நெரையில கொழுந்து எடுத்தவ நானு. ஒங் கை எங்க போகும்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

அந்த அணியை அதற்குப் பிறகு யாராலும் லேசில் ஜெயிக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் கால் வீக்கமும் வடிந்தது. மருந்துக்காரருக்கே ஆச்சரியம்.

ஆனால் காளியாயிக்குப் பெரிய விஷயம் அதுவல்ல. அந்த முதல் ஆட்டத்துக்கு மறுநாள் காலையிலேயே சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

"எந்திரிச்சிட்டியா? ரோட்டு வரைக்கும் நடந்துட்டு வருவோம், வா."

செருப்பைத் தேடும்போதே காளியாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

"வர்றேன் புள்ள, நில்லு," என்றாள்.